அடுக்கின் அடியில் ஒரு ஃபைல்

“இன்னிக்கும் ஒண்ணும் எழுதலைங்களா சார்?”

சுரங்கக் கம்பெனிக்காரர் வழக்கம்போல வாசலில் நின்றபடி தலையை மட்டும் உள்ளே நீட்டிக் கேட்டார். அனுமதிப் பிரிவு அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். தினமும் இதே கேள்வி, அவருக்கு அலுத்துவிட்டது.

“பார்க்கணும். முதுகு வலி வேற உயிரை வாங்குது.”

“உடம்பைப் பாருங்க சார். வேணும்னா நாலு நாள் லீவு போடுங்க. ஃபைல் எங்க போயிடப் போகுது?”

இப்படியும் ஒரு மனிதர். பேட்டரிக்கு வேண்டிய ஏதோ கனிமம் அந்த மலைக்குள் கிடக்கிறதாம், உலகமே அதற்காகப் பறக்கிறதாம். இவரோ நாயாய் அலைந்தும் ஒருநாள்கூட முகம் சுளித்ததில்லை. அதிகாரிக்குச் சில நாள் பாவமாகக்கூட இருந்தது.

பாவம் பார்த்தால் முடியுமா? அந்த மலையடிவாரத்தில்தான் அவருடைய தங்கை குடியிருக்கிறாள். மலையைக் குடைந்தால் அவளுடைய கிணறு வற்றிவிடும் என்பதை அவரே ஆய்வுக்குப் போனபோது தெரிந்துகொண்டு வந்தார். அந்தக் கிணற்றை விட்டால் அவளுக்குத் தோட்டமும் இல்லை, பிழைப்பும் இல்லை.

ஆட்சேபம் என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும், விண்ணப்பம் அதோடு நின்றுவிடும். எழுதத்தான் அவருக்குக் கை வரவில்லை. அப்படி எழுதிய இரண்டு பேரைத் தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கியடித்ததை அவர் பார்த்திருக்கிறார்.

அவருக்குத் தெரிந்த வித்தை வேறு. வேண்டாத ஃபைலை அடுக்கின் அடியில் செருகிவிடுவார். அதன்மேல் புதிது புதிதாக ஏறிக்கொண்டே போகும். வந்து கேட்பவர்கள் செருப்புத் தேய நடந்துவிட்டு ஒருநாள் வராமலே போய்விடுவார்கள். யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அலுவலகத்தில் அவருக்கு ‘ஆமையார்’ என்று பட்டப்பெயர். அது அவருக்குத் தெரியும், கோபமும் கிடையாது.

அனுமதிகளை வேகப்படுத்தப் போகிறோம் என்று மேலிடம் கொஞ்ச நாள் முன்புகூட ஒரு கூட்டம் போட்டது. புது விதிகளைத் திரையில் காட்டி விளக்கினார்கள். அவர் கடைசி வரிசையில் உட்கார்ந்து நன்றாகத் தூங்கினார். இந்த மாதிரி வேகம் எத்தனையைப் பார்த்தாயிற்று.

சாயங்காலம் தங்கை போனில் வந்தாள். மலைப்பக்கம் யாரோ கயிறு பிடித்து அளந்துகொண்டிருக்கிறார்களாம். குரலில் அழுகை எட்டிப் பார்த்தது.

“ஒண்ணும் ஆயிடாதுல்ல அண்ணே?”

“அளக்கிறவன் அளந்துட்டுப் போறான். ஃபைல் என்கிட்டதான் இருக்கு. அது நகராம அங்க ஒரு கடப்பாரைகூட இறங்காதும்மா. நீ நிம்மதியாத் தூங்கு.”

மறுநாள் காலையில் கம்பெனிக்காரர் வந்தார். வாசலில் நிற்கவில்லை. நேராக உள்ளே வந்து, பழக்கூடை ஒன்றை மேசைமேல் வைத்துவிட்டு, கேட்காமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

அதிகாரிக்கு ஒன்றும் புரியவில்லை. அடுக்கின் பக்கம் பார்த்தார். ஃபைல் வைத்த இடத்திலேயே இருந்தது.

“எதுக்குங்க இதெல்லாம்? நான்தான் இன்னும் கையெழுத்தே போடலையே.”

“அதுக்குத்தான் சார் நன்றி சொல்ல வந்தேன்” என்றார் கம்பெனிக்காரர், முகத்தைத் துடைத்துக்கொண்டே. மேசைமேல் இருந்த அதிகாரியின் போன் அடிக்க ஆரம்பித்தது, தங்கைதான்.

“கெடுவுக்குள்ள நீங்க ஆட்சேபம் எழுதலைன்னா அனுமதி கொடுத்ததா அர்த்தம்னு புது விதி சார். நேத்தோட கெடு முடிஞ்சுது, காலையிலேயே மெஷினை இறக்கிட்டோம். எங்க ஒரு வரி எழுதித் தொலைச்சிடுவீங்களோன்னு தினமும் வந்து பார்த்துட்டுப் போறதுக்குள்ள எனக்குப் பாதி உசிரு போயிடுச்சு.”