தொளாயிரம் பேர்

மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்த தாளில் இருநூறு சஹன் என்று கண்டதும் பெண்ணின் வாப்பா பதியுதீன் அந்த எண்ணை இன்னொருதரம் படித்தார்.

ஆறு பேர் சுற்றியிருந்து ஒரே பெருந்தட்டில் சாப்பிடுவது ஒரு சஹன். இருநூறு என்றால் நாலு மாடு, மூட்டை மூட்டையாய் அரிசி. நிக்காஹ் வெள்ளிக்கிழமை. அவரிடம் மிச்சமிருந்ததோ ஒரேயொரு ஏக்கர் வயல். அதையும் ஈடு வைத்தால்தான் உலை ஏறும்.

மாப்பிள்ளை வீட்டுத் தாளை ஏன், எதற்கு என்று கேட்கிற வழக்கம் கல்முனைக்குடியில் இல்லை. சமையல்கார அபுல் ஹஸனும் கேட்கவில்லை. அவருக்குக் கூலியே சஹன் கணக்கில்தான்.

கேட்டது கல்யாணப் பெண் ஜுனைதா. சாதாரணதரப் பரீட்சையில் கணக்குக்கு விசேட சித்தி எடுத்தவள். மேலே படித்தால் அதற்கும் மேலே படித்த மாப்பிள்ளை தேட வேண்டிவரும் என்று வாப்பாதான் மறித்து வைத்திருந்தார்.

மாப்பிள்ளை வீட்டுத் தாள், எண்பத்தோராம் வருசக் கலண்டர் தாளொன்றின் பின்பக்கம். எங்கள் பக்கம் 180 பேர், உங்கள் பக்கம் 120 பேர் என்று எழுதி, கீழே கணக்கு:

180 + 120 ÷ 6 = 200.

“சஹன x எண்டு வெச்சுக்கங்க வாப்பா. ஒண்டுக்கு ஆறு பேர். அப்ப 6x எண்டா மொத்த ஆக்கள், முந்நூறு. x ஐம்பதுதான். இவங்க 120ஐ மட்டும் ஆறால பிரிச்சுப்போட்டு, 180ஐ அப்பிடியே கூட்டியிருக்காங்க. இருநூறு சஹனுக்கு ஆயிரத்தி இருநூறு பேரெல்லோ வேணும்.”

பென்சிலால் 180 + 120ஐச் சுற்றி அடைப்புக்குறி போட்டாள்.

“அப்ப மிச்சம் தொளாயிரம் பேரும் ஜின்னா?”

பதியுதீன் வயிறு குலுங்கச் சிரித்தார். வயல் தப்பிவிட்டது. தாளைக் கொண்டுவந்தவர் மாப்பிள்ளையின் மாமா ஜவுபர். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காத மனிசன். அவர் போட்ட கணக்கு வேறெப்படி இருக்கும்.

ஜுனைதா சிரிக்கவில்லை. தாளின் அடிமடிப்பை விரித்து நீட்டினாள்.

ஏ. எல். சரீப், கணித ஆசிரியர்.

மாப்பிள்ளையேதான். அந்த ‘கணித ஆசிரியர்’ என்ற இரண்டு சொல்லுக்காகத்தான் பதியுதீன் கல்வீட்டையும் மூன்று ஏக்கர் வயலையும் சீதனமாய் எழுதிக் கொடுத்திருந்தார்.

பிழையைச் சொல்லித் திருப்பி அனுப்பினால் மாப்பிள்ளைக்கு மானம் போகும், நிக்காஹ் நின்றுபோகும்.  பதியுதீன் மகளிடம் அழிறப்பரை வாங்கி, அடைப்புக்குறி இரண்டையும் தடம் தெரியாமல் தேய்த்து அழித்தார்.

வீட்டுப் பின்வளவுக்குப் போய், தொளாயிரம் ஜின்களுக்கும் சேர்த்தே ஆக்கும்படி அபுல் ஹஸனிடம் சொன்னார்.