நெடில்

"தூங்கக் கூடாதும்மா. இது தூக்கத்துக்கான பயிற்சி."

தோளில் தட்டிய விரலை கனீஸ் ஃபாத்திமா பாதிக் கண்ணால் பார்த்தாள். மெஷின் ஊசியை அறியாத விரல்.

"அப்ப நான் பாஸாய்ட்டேன் சார். அனுப்பி வுடுங்க."

பக்கத்துப் பாய்களில் சிரிப்பு குலுங்கி அடங்கியது.

ஜமுனாமரத்தூரைத் தாண்டி ஒரு விடுதியின் புல்தரை. ஷூ கம்பெனியின் தையல் பிரிவுப் பெண்கள் மொத்தப் பேரும் ரப்பர் பாய்களில் மல்லாந்து கிடந்தார்கள். பெங்களூரிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் நடுவில் வெறுங்காலோடு உலாவினார். அன்றாட மன அழுத்தத்தைச் சமாளித்து, ஆழ்ந்து உறங்கி, ஆரோக்கியமாக வாழ்வது எப்படி என்று காலையிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் இரண்டு முறை கொட்டாவி விட்டார். அது மூச்சுப் பயிற்சியில் சேர்ந்ததாம்.

போன மாதம், ஓவர்டைமில் கண்ணயர்ந்த கிருபாவதியின் ஆள்காட்டி விரலில் ஊசி இறங்கிவிட்டது. அன்றைக்குப் பார்த்து ஷூ வாங்கும் வெளிநாட்டுக்காரர்கள் சுற்றிப் பார்க்க வந்திருந்தார்கள். விரலுக்கு உடனே கட்டுப் போட்டார்கள். கம்பெனியின் மானத்துக்குக் கட்டுப் போடத்தான் இந்த முகாம். ஓவர்டைமைக் குறைக்கலாம் என்று ஏனோ யாருக்கும் தோன்றவில்லை. அதற்கு பெங்களூரிலிருந்து ஆள் வரத் தேவையில்லை என்பதால் இருக்கலாம்.

முகாமுக்கு நல்ல நாள் பார்த்து ஞாயிற்றுக்கிழமையை எடுத்துக்கொண்டார்கள்.

ஞாயிறு மத்தியானம் சோறு உண்டதும் கதவைச் சாத்திக்கொண்டு, ஃபேனுக்கு நேர் கீழே விழுந்து தூங்குவாள் கனீஸ். அந்த ஒரு தூக்கத்தைக் காட்டித்தான் மிச்ச நாளெல்லாம் உடம்பை வேலை வாங்கிக்கொண்டிருந்தாள். இப்போது அதையும் பிடுங்கிக்கொண்டு, தூங்குவது எப்படி என்று வகுப்பெடுக்கிறார்கள்.

பயிற்சியாளருக்கு மக்கள் மொழியில் பேசுவதில் ஆசை அதிகம். மலையேறும்போது பஸ் ஓட்டுநர் உஸ்மானிடம் இரண்டு சொற்களைக் கற்றிருந்தார். இங்கே 'என்ன' என்றால் 'இன்னா'. 'விடு' என்றால் 'வுடு'. இரண்டாவது அவருக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று. மூச்சை வுடுங்க என்றார். கோபத்தை வுடுங்க என்றார். டார்கெட்டை மனசிலிருந்து வுடுங்க என்றார். அந்த டார்கெட் நம்மை எப்போது வுடும் என்பது பாடத்தில் இல்லை.

ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார் மனிதவள அதிகாரி புருஷோத்தமன். கசங்காத சட்டை, கழுத்தில் அடையாள அட்டை. அவர் வாயில் தமிழ் வந்து தையல் பிரிவில் யாரும் கேட்டதில்லை. தாய்க்குக் காரியம் என்று லீவு கேட்டாலும் 'நாட் பாசிபிள்'தான்.

வெயில் சாய்ந்தது. சாயங்காலமே இறங்கிவிடலாம் என்று சொல்லித்தான் கூட்டி வந்திருந்தார்கள். இப்போது பயிற்சியாளர், இருட்டட்டும், நட்சத்திர தியானம் இருக்கிறது என்றார்.

அது முடிந்து, மலை இறங்கி, ஆலங்காயம் தாண்டி ஊர் போய்ச் சேர நடு ராத்திரி ஆகும். விடிவதற்குள் கம்பெனி பஸ் தெருமுனையில் ஹாரன் அடிக்கும்.

கிருபாவதி எழுந்து புருஷோத்தமனிடம் போய்விட்டு வந்தாள்.

"நாட் பாசிபிளாம்," என்று கட்டுப் போட்ட விரலை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

நட்சத்திரம் வரும்வரை சும்மா இருக்க வேண்டாமே என்று பயிற்சியாளர் எல்லாரையும் வட்டமாக உட்கார வைத்தார். கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். நிம்மதியாகத் தூங்கத் தனக்கு என்ன வேண்டும் என்று ஒவ்வொருவரும் ஒரே சொல்லில் சொல்ல வேண்டும்.

அமைதி என்றாள் மெர்சிலின். பொறுமை என்றாள் தேவி. காலையில் கற்றதைக் காலையில் கற்றபடியே ஒப்பித்தார்கள்.

கனீஸின் முறை வந்தது. அவள் கண்ணை மூடவில்லை. புருஷோத்தமனையே பார்த்துச் சொன்னாள்.

"வூடு."

பயிற்சியாளர் அப்படியே நின்றுவிட்டார். முகம் மலர்ந்தது. நாள் முழுக்க விதைத்தது இதோ முளைத்துவிட்டது. ஒரே சொல்லில் மொத்த ஞானத்தையும் பிடித்துவிட்டாரே இந்த அம்மா, அதிலும் மூச்சு முழுக்க வெளியேறுகிற மாதிரி எப்படி நீட்டிச் சொல்கிறார் கவனியுங்கள் என்றார். எல்லாரும் சேர்ந்து சொல்லச் சொன்னார்.

மூடிய கண்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கிருபாவதியின் உதட்டோரம் துடித்தது. அவள்தான் முதலில் சொன்னாள். பிறகு மெர்சிலின். பிறகு வட்டம் முழுக்க.

வூடு. வூடு. வூடு.

இன்னும் சத்தமாக என்றார் பயிற்சியாளர். அவர்கள் குறை வைக்கவில்லை. உட்கார்ந்து சொன்னவர்கள் எழுந்து நின்று சொன்னார்கள். தேவி செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். கனீஸ் பாயைச் சுருட்டிக்கொண்டே சொன்னாள். அடைய வந்த மைனாக்கள் மிரண்டு வேறு மரம் பார்த்துப் போயின. பயிற்சியாளர் ஈரக் கண்ணோடு செல்போனில் படம் பிடித்தார்.

அத்தோடு விட்டிருக்கலாம். அவர் புருஷோத்தமன் பக்கம் திரும்பினார். நீங்களும் வாங்க சார், எல்லாரையும்விட அழுத்தம் உங்களுக்குத்தானே, சொல்லுங்க என்றார்.

வட்டம் கப்பென்று அடங்கியது.

அந்தம்மா சொன்னது 'விடு' இல்லை, 'வீடு' என்று அவர் ஒரு எழுத்தைத் திருத்தினால் போதும், விஷயம் முடிந்தது. நட்சத்திரம் வரும். நாளைக்குக் காலையில் கனீஸ் கேட்டுக்கு வெளியே நிற்பாள். அது அவளுக்குத் தெரியும். சுருட்டிய பாயை அவள் கீழே வைக்கவில்லை.

புருஷோத்தமன் நாற்காலியை விட்டு எழுந்தார். பயிற்சியாளரைப் பார்த்தார். கனீஸைப் பார்த்தார். கழுத்து அட்டையைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு, விதிப்படி, கண்ணை மூடினார்.

"வூடு."

நெடில் சுத்தமாக இருந்தது. போளூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் எங்கோ பிறந்து வளர்ந்தவன் வாயில் மட்டும் வருகிற நெடில்.

பயிற்சியாளர் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார். உஸ்மான் பஸ்ஸை ஸ்டார்ட் செய்துவிட்டார்.