கோணல் தையல் பயிற்சி

கோஹினூர் தைத்த தாமரையை லுப்னா வெடுக்கென்று பிரித்தாள். காலையிலிருந்து இது நான்காவது தாமரை.

"முப்பது வருஷமா ஊசி பிடிக்கிறேன்னு சொல்றீங்க, ஆபா. ஒரு பூவைச் சொன்ன மாதிரி தைக்க வரலியா?"

ஆபா என்றால் அக்கா; அந்த மரியாதையோடுதான் திட்டு. கோஹினூர் தலையைக் குனிந்துகொண்டாள். சுற்றிலும் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பெண்கள் ஊசியை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"பாருங்க எல்லாரும்! மறுபடியும் ஒரு தையல்கூடக் கோணல் இல்ல!"

ஜமால்பூர் பெண்கள் கூட்டுறவுச் சங்கம் போன முறை அனுப்பிய, கையால் பூத்தையல் போட்ட காந்தா போர்வைகள் அத்தனையும் திரும்பி வந்துவிட்டன. தையல் சீராக இருக்கிறது, மெஷினில் தைத்து ஏமாற்றுகிறார்கள் என்று வெளிநாட்டில் வாங்கியவர்கள் புகார் சொன்னார்களாம். கைவேலை என்றால் கை தவறியது தெரிய வேண்டுமாம். தவறுவது எப்படி என்று கற்றுக்கொடுக்கத்தான் டாக்காவிலிருந்து ஏற்றுமதிக் கம்பெனி லுப்னாவை அனுப்பியிருந்தது.

ஐந்து நாள் பயிற்சி. வியாழக்கிழமை கம்பெனி அதிகாரி வந்து தேர்வு வைப்பார். தேறாதவர்களுக்கு இந்த வருடம் வேலை கிடையாது. கோஹினூரின் மகள் நர்ஸிங் படிப்பதே இந்த ஊசியை நம்பித்தான்.

மற்றவர்கள் மளமளவென்று முன்னேறினார்கள். ஜோபேதா இடது கையால் தைத்தாள். மொமேனா டி.வி. தொடர் பார்த்துக்கொண்டே தைத்தாள். மாமியார் அழுகிற காட்சிகளில் அவள் கோணல் அபாரம். ஹஸ்னா ஓடுகிற வேன் ரிக்‌ஷாவில் உட்கார்ந்து தைத்து, ஒரு மீனை ஆமையாகவே மாற்றிவிட்டாள். லுப்னா கை தட்டினாள்.

கோஹினூரும் எல்லாவற்றையும் செய்து பார்த்தாள். கடைசியில் கண்ணை இறுக மூடிக்கொண்டு தைத்தாள். நூல் பிடித்த மாதிரி நேராக வந்தது.

"உங்க கைக்குத் திமிரு ஜாஸ்தி, ஆபா" என்றாள் ஜோபேதா.

வீட்டுக்குப் போனால் கணவன் சோலைமான் சிரிசிரியென்று சிரித்தான். "இருபத்தஞ்சு வருஷமா நான் பண்ற தப்பையெல்லாம் கூடவே இருந்து பாக்குற. அதுல ஒண்ணுகூடவா உனக்கு வரல?"

"உங்க தப்பெல்லாம் ஊசிக்குள்ள நுழையாது. சோத்தைத் தின்னுட்டு எழுந்திருங்க."

புதன்கிழமை மதியம். எல்லோரும் முட்டைக் குழம்பும் சோறும் சாப்பிடப் போயிருந்தார்கள். கோஹினூர் மட்டும் லுப்னாவின் முன்னால் போய் நின்றாள்.

"ஆபா, கம்பெனி குடுத்தனுப்பின சாம்பிள் துணியைக் கொஞ்சம் குடுங்க. ஒரே ஒரு தடவை பாத்துக்கறேன்."

மடியில் விரித்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். தாமரைக்கு ஆறு இதழ். ஒவ்வொரு இதழிலும் ஏழாவது தையல் மட்டும் ஒரு நெல்லளவு இடப்பக்கம் விலகியிருந்தது. பதினான்காவது தையல் கொஞ்சம் நீளம். ஆறு இதழிலும் அதே ஏழு, அதே பதினான்கு.

"யாரு ஆபா இதைத் தச்சது? தப்பைக்கூட இவ்வளவு ஒழுங்கா பண்ணியிருக்கா!"

"யாருன்னு சொல்லல. ஆனா கைன்னா அதுதான் கை" என்றாள் லுப்னா.

கோஹினூரின் முகம் மலர்ந்தது. தப்புச் செய்யத்தான் அவளுக்கு வராது. கண்ணால் பார்த்ததை அப்படியே தைப்பதில் ஜமால்பூரிலேயே அவளை மிஞ்ச ஆள் கிடையாது.

வியாழக்கிழமை அதிகாரி ரெஸ்வான் சாகிப் வந்தார். முதலில் ஹஸ்னாவின் துணியை எடுத்து, அப்படியும் இப்படியும் திருப்பினார்.

"இது என்ன, ஆமையா?"

"மீனுங்க."

"கோணல் வேணும்னுதான் சொன்னோம். அதுக்காக இப்படியா? உங்க தப்பு எல்லாமே தப்புத் தப்பா இருக்கே!"

அடுத்து ஜோபேதா. அவளும் தேறவில்லை. மொமேனாவின் துணியைப் பாதிகூட விரிக்கவில்லை, மடித்து வைத்துவிட்டார். லுப்னாவுக்கு முகம் வெளிறிவிட்டது.

கடைசியாகக் கோஹினூரின் துணி. அதை சாம்பிளுக்குப் பக்கத்தில் விரித்தார். பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். ஒவ்வொரு இதழாக, உதடு அசைய எண்ணினார். பின்பக்கம் திருப்பி முடிச்சையும் பார்த்தார். கோஹினூர் முந்தானையை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள்.

ரெஸ்வான் சாகிப் எழுந்து நின்று கை தட்டினார்.

"நீங்க பாஸ், ஆபா! எங்க மெஷின் தச்ச சாம்பிளுக்கும் உங்க கைவேலைக்கும் துளி வித்தியாசம் தெரியல!"