தங்கக் காசில் தாடி

ரோமாபுரி நாணயச்சாலையில் இளம் சக்கரவர்த்தியின் முகத்தை அச்சில் வெட்டி முடித்தபோது பிலேரோஸுக்குக் கண் எரிந்தது. இந்த வருடத்தில் இது நான்காவது சக்கரவர்த்தி. தங்கத்தில் ஒரு கைப்பிடிக் காசு அடிப்பதற்குள் அரண்மனைக் காவல் தளபதி வந்து நின்றார்.

"கழுத்து ஒல்லிப்பா. தடியா வெட்டு."

வெட்டினான்.

"மூக்கும் போதாது. கம்பீரம் வேண்டாமா?"

அதையும் பெரிதாக்கினான்.

"தாடி வை."

"ஐயா, அந்தப் பிள்ளைக்கு மீசையே இன்னும் அரும்பலையே!"

"வைய்யா, சொல்றேன்ல."

வைத்தான். தளபதி தன் தாடியைத் தடவியபடி அச்சை ஆசையாகப் பார்த்தார். பிலேரோஸ் அச்சைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், பெருமூச்சு விட்டான்.

"அப்ப பேரையும் மாத்திடவாங்க?"

"அவசரப்படாதே. பையன் இப்பத்தான் சாப்பிட உக்காந்திருக்கான்."