மூன்றாவது பந்து

ஆஸ்பத்திரிப் பதிவேட்டுக்காக நோய்களுக்குக் குறியீட்டு எண் போடும் பெண், கட்டிலின் கால்மாட்டில் ஃபைலோடு நிற்கிறாள். டாக்டர் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்திருக்கும் நேற்றைய எக்ஸ்ரேயில், வலது நுரையீரலின் அடிப்பகுதி வெள்ளை வெளேரென்று இருக்கிறது. சளி மூச்சுக்குழாயை அடைத்துக்கொள்ள, காற்றுப் போகாமல் சுருங்கிய இடம். அவளுக்கே தெரிகிறது, ஆனாலும் டாக்டர் கைப்பட எழுதாத நோய்க்கு அவள் எண் போடக்கூடாது. "மூச்சுத் திணறல்னு மட்டும் எழுதியிருக்கீங்க சார். காரணத்தையும் எழுதிடுங்க." "உங்ககிட்ட தப்ப முடியுமா?" என்று சிரித்துக்கொண்டே எழுதிக் கொடுக்கிறார். கட்டிலில் உட்கார்ந்திருக்கும் கொத்தனார், மூன்று பந்துகள் உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவியின் குழாயைக் கவ்விக் காற்றை உள்ளே இழுக்கிறார். முதல் பந்து எழும்புகிறது, இரண்டாவது தத்தளிக்கிறது. காலையில் அவர் இருமித் துப்பிய சளிக்கட்டியை மனைவி இன்னும் திட்டி முடிக்கவில்லை. "இத்துனூண்டு இருந்துகிட்டு என்ன பாடு படுத்திடுச்சு! ஏம்மா, நுரையீரல் சுருங்கினதை எழுதிட்டியா?" "எழுதிட்டேன்க்கா." "இப்ப விரியுதே, அதையும் எழுதிக்கோ." எண்ணை எழுதிக்கொண்டிருந்த அவள் பேனா நிற்கிறது. "அதுக்கு நம்பர் இல்லக்கா." "அது கெடக்கட்டும்," என்று மனைவி கணவரின் முதுகைத் தடவுகிறாள். "நீங்க இழுங்க." மூன்றாவது பந்து மெல்ல எழுந்து, உச்சியில் 'டக்'கென்று தட்டி, அங்கேயே நிற்கிறது.