உள்ளே விட்ட துணி

பிலோமியின் சினைப்பையில் தொடங்கிய புற்றுநோய் ஈரல்வரை பரவிவிட்டது. நீர் கோத்த வயிறு மட்டும் முன்னே தள்ள, தோளும் கையும் வற்றிக்கொண்டே வந்தன. தையல்கடை வைத்திருந்த தோழி ஜெசிந்தா, வாராவாரம் அவளுடைய ஜாக்கெட்டைப் பிடித்துத் தைத்துக் கொடுத்தாள். உள்ளே மடங்கிய துணியை மட்டும் வெட்டவே மாட்டாள். உடம்பு தேறினால் தையலைப் பிரித்துவிட்டால் போதுமே.

நாலாவது வாரம் பிலோமி அவள் கையைப் பிடித்தாள்.

"உள்ள இருக்குற துணிய வெட்டிரு ஜெசி. விலாவுல குத்துது."

"கிறிஸ்மஸுக்குள்ள சதை வச்சிரும்டி. அப்புறம் பத்தாமப் போயிரும்."

"படுக்க முடியலடி."

ஜெசிந்தா கத்தரிக்கோலை எடுத்தாள். நாலு விரல் அகலத் துணி அவள் மடியில் விழுந்தது.

பிலோமி ஜாக்கெட்டைப் போட்டுக் கையை மெல்லத் தூக்கிப் பார்த்தாள்.

"இப்பத்தான்டி அளவா இருக்கு."