அரைக் காணி வெடிப்பு

"ஒரு சோம்பேறி நம்ம படத்தைக் காப்பாத்திட்டான், கோபால்!"

வரப்பில் நின்று கைதட்டிச் சிரித்தான் டைரக்டர் பரசுராமன். கேமராமேன் கோபாலும் வேனிலிருந்து இறங்கிப் பார்த்துவிட்டு, "அப்பாடா!" என்று நெஞ்சில் கை வைத்துக்கொண்டான்.

சிரிக்க மாட்டார்களா பின்னே? படப்பையைத் தாண்டியதிலிருந்து இருவருக்கும் கவலை ஏறிக்கொண்டே வந்தது. வழி நெடுக ஒரே பச்சை. கிணற்றுக்குக் கிணறு மோட்டார் ஓடி, சொர்ணவாரிப் போகத்து நெல் முழங்கால் உயரத்துக்கு நின்றது.

அவர்களுக்கு வேண்டியதோ வெடித்த நிலம். அதுவும் இதே நிலம்!

வடக்குப்பட்டு விவசாயி கோதண்டத்தின் இந்த அரைக் காணி நிலத்தில்தான் சித்திரையில் படத்தின் கடைசிக் காட்சியை எடுத்தார்கள். காலிக் குடத்தோடு கதாநாயகி சந்திரம்மாள் நடந்து வருகிறாள். நட்ட நடு நிலத்தில் விழுகிறாள். அவள் எழுந்திருப்பதற்குள் பிலிம் தீர்ந்துவிட்டது.

எழுபத்தெட்டில் பிலிம் என்ன, கடைக்குப் போனால் கிடைக்கிற சரக்கா? அதற்குப் பர்மிட் வேண்டும். கம்பெனி பலம் இல்லாமல் தனியாளாகப் படம் எடுப்பவனை எந்த ஆபீஸில் மதிக்கிறார்கள்? ஒன்பது வாரம் படியேறி இறங்கி, ஒரே ஒரு டப்பா வாங்கி வந்திருக்கிறான்.

"ஸ்டூடியோவுல நாலு வண்டி மண்ணைக் கொட்டி எடுத்துடேன்" என்றார்கள் நண்பர்கள்.

"மாட்டேன். அவ விழுந்த மண்ணுலதான் எழுந்திரிக்கணும்" என்றான் பரசுராமன். பிடிவாதத்தில் தன்னை மிஞ்ச ஆள் இல்லை என்று அவனுக்கு உள்ளூரக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

கோபால் சித்திரையில் எடுத்த போட்டோவைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தைச் சுற்றி வந்தான்.

"சார், அதே வெடிப்பு. ஒண்ணுகூட மாறலை. மாறியிருந்தா ரெண்டு பிலிம் துண்டும் ஒட்டாது, மொத்தப் படமும் கோவிந்தா!"

"ஊரே நட்டு முடிச்சாச்சு, இந்த மனுஷன் மட்டும் மண்வெட்டியைத் தொடலை பாரேன். இதுல தரிசுக்கு வேலி வேற!" என்றான் பரசுராமன்.

நிஜம்தான். ஒரு புல்கூட முளைக்காத அந்த நிலத்தைச் சுற்றி, கருவேல முள் வெட்டிப் போட்டு அடைத்திருந்தது.

"உழைக்கிறவனைப் பத்திப் படம் எடுக்கறோம். கடைசியில கை குடுத்தது உழைக்காதவன்!"

இதைக் கொஞ்சம் உரக்கவே சொல்லிவிட்டான். மோட்டார் கொட்டகை ஓரம் குந்தியிருந்த கோதண்டம் திரும்பிப் பார்த்தார். எழுந்து வந்து, முள்ளை விலக்கி வழி விட்டார்.

"பாத்து வா சார். ஓரமா வா."

உச்சி வெயிலுக்குக் காத்திருந்தார்கள். கோதண்டத்துக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"இன்னும் எவ்ளோ நேரம் சார்?"

"வெயில் நேரா வரணும்."

பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் வந்தார். "இன்னிக்கே முடிஞ்சிடுமா சார்?"

பரசுராமனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "ஏங்க, சும்மா கிடக்கிற நிலம். அதுக்கு ஒரு நாள் வந்து நின்னா உங்களுக்கு என்ன குறைஞ்சு போச்சு?"

கோதண்டம் தலையைச் சொறிந்துகொண்டு மறுபடி கொட்டகைக்கே போய்விட்டார்.

வெயில் உச்சிக்கு வந்தது. சந்திரம்மாள் அதே இடத்தில் விழுந்து கிடந்தாள்.

"ஸ்டார்ட்!"

விரல்கள் வெடிப்புக்குள் இறங்கி மண்ணைப் பற்றின. ஒரு முழங்காலை ஊன்றினாள். தடுமாறினாள். பல்லைக் கடித்து மறு முழங்காலையும் ஊன்றி எழுந்தாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பிப் பாராமல் நடந்தாள்.

"கட்!"

பரசுராமனின் மூன்று வருஷப் படம். முடித்துவிட்டான்! கோபாலைக் கட்டிக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான்.

அழுது முடித்து நிமிர்ந்தால், எதிரே கோதண்டம்.

"ஆயிடுச்சா சார்?"

"ஆயிடுச்சு."

"இனிமே இந்த நெலம் வேணாமே? நல்லா ரோசனை பண்ணிச் சொல்லு."

"வேணாங்க. எல்லாம் முடிஞ்சுது."

அவ்வளவுதான். மனுஷர் கொட்டகைப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"ஏ கிளியம்மா! போடும்மே மோட்டாரை!"

தயாராக நின்றிருந்த அவர் மனைவி சுவிட்சைப் போட்டாள். குழாய் நிறையத் தண்ணீர் குபுகுபுவென்று தொட்டியில் கொட்டி, வாய்க்காலில் ஓடி வந்து வெடிப்புகளுக்குள் இறங்கியது.

பரசுராமன் வாயைப் பிளந்தான்.

"கிணத்துல இவ்வளவு தண்ணி வச்சுக்கிட்டா நிலத்தைக் காயப் போட்டீங்க?"

"போவட்டும் சார், அடுத்து சம்பாவுக்கு நாத்து வுட்டுப் பாத்துக்கலாம். இந்தப் போகத்துக்கு வுட்ட நாத்துதான் நாத்தங்கால்லயே முத்திப் பூடுச்சு. மாட்டுக்கு அறுத்துப் போட்டுட்டேன்."

"அதான் ஏன்னு கேக்கறேன்!"

கோதண்டம் அவனை அதிசயமாகப் பார்த்தார்.

"இன்னா சார் இப்டி கேக்கற? சித்திரைல ஊருக்குப் போவசொல்ல, என் கையைப் புடிச்சுக்கினு, ‘அடுத்த வாரம் வந்துடறேன், அதுவரைக்கும் இந்த மண்ணு இப்டியே இருக்கணும்’னு சொன்னியே. ஆடு மாடு மெதிச்சுடப் போவுதுன்னு முள்ளு வேற வெட்டிப் போட்டு வச்சிருந்தேன்... நீயே மறந்துட்டியா?"